அருவி தேடிப் போகும் பைக்குகள்: வாசகர் கேள்வி பதில்

நண்பர்கள் சேர்ந்து நாலைந்து நாள் கிராமத்து மலைச்சாலைகளில் அருவி அருவியாகப் பைக்கில் போய்வருவது பற்றி வந்த கேள்விகளில், பலரும் கேட்டவற்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். 'எந்த பைக் நல்லது?' என்றுதான் அதிகம் பேர் கேட்டிருக்கிறார்கள். உங்கள் கைக்குப் பழகிய பைக்தான் நல்லது. மற்ற கேள்விகளில் பெரும்பாலானவை எப்படியோ தண்ணீரில்தான் போய் முடிகின்றன. அருவி இருக்கும் பக்கம் மழையும் இருக்கும்; நேற்று பார்த்த சாலை இன்று அப்படியே இருக்காது.

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், நான்கு நாள் விடுமுறை. மேப்பில் மொத்தம் 900 கிலோமீட்டர் வருகிறது. நாளைக்கு 225 கிலோமீட்டர்தானே, முடியாதா?

நெடுஞ்சாலையில் முடியும். வளைந்து வளைந்து ஏறும் ஒற்றைச் சாலையில், நிறுத்தங்களையும் சேர்த்தால் மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர்தான் கணக்கு. தார் பெயர்ந்து சேறான பகுதியில் 12, 15 என்று இறங்கிவிடும். ஒரு அருவிக்கு இறங்கி, குளித்து, உடை மாற்றி மேலே ஏறிவர இரண்டு மூன்று மணி நேரம் போய்விடும். ஆக, ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு அருவி, 100 முதல் 120 கிலோமீட்டர். உங்கள் 900-ஐப் பாதிக்கும் கீழே வெட்டுங்கள். அப்படியும் நான்கு நாளும் ஓட்டமாக வைக்காமல், மூன்று நாளுக்கு மட்டும் திட்டம் போடுங்கள். ஒரு நாளை மழையோ பஞ்சரோ எடுத்துக்கொள்ளும். எடுக்காவிட்டால் பிடித்த அருவிக்கு இன்னொரு முறை போகலாம்.

நேரத்தை அமைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. வெயிலில் சூடான காற்று மலைச்சரிவில் மேலெழுந்து மேகமாகத் திரள்வதற்கு மதியம் ஆகிவிடும். அதனால் மழைக்காலத்தை ஒட்டிய மாதங்களில் மலையில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில்தான் வரும். விடிந்ததும் கிளம்பி, அருவியைக் காலையிலேயே பார்த்துவிட்டு, மாலை 4 மணிக்குள் தங்கும் இடத்துக்குப் போய்ச் சேருங்கள்.

பெட்ரோலைப் பொறுத்தவரை, குழுவில் எந்த வண்டியின் டேங்க் சிறியதோ அதுதான் எல்லோருக்கும் கணக்கு. அது பாதிக்கு வந்ததும், அடுத்து தென்படும் பம்ப்பில் எல்லோரும் நிரப்ப வேண்டும். 'எனக்கு இன்னும் இருக்கிறது' என்று ஒருவர் நிரப்பாமல் விட்டால், ஒரு மணி நேரம் கழித்து அவருக்காகத் தனியாக இன்னொரு முறை நிற்க வேண்டிவரும்.

கேள்வி: கிளம்புவதற்கு முதல் நாள் பைக்கை சர்வீஸுக்கு விடலாமா?

வேண்டாம். ஒரு வாரம் முன்பே விட்டு, வாங்கியபின் 100 கிலோமீட்டராவது ஓட்டிப் பாருங்கள். சரியாக முறுக்காத ஆக்சில் நட், கசியும் ஆயில் டிரெயின் போல்ட், இடம் மாறி உட்கார்ந்த கேபிள் போன்ற கோளாறுகள் அந்த 100 கிலோமீட்டருக்குள்தான் பெரும்பாலும் தலைகாட்டும். காட்டில் தெரிவதைவிட வீட்டுப் பக்கத்தில் தெரிவது நல்லது.

சர்வீஸுக்கு விட்டாலும் நீங்களே பார்க்க வேண்டியவை சில உண்டு. முதலில் கிளட்ச் கேபிள். லீவரை முழுவதும் இழுத்துப் பிடித்து, லீவருக்குள் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் ஈயக் குமிழைப் பாருங்கள். குமிழை ஒட்டினாற்போல் ஒரே ஒரு இழை அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள். ஒன்று அறுந்தால் அதன் சுமை மற்ற இழைகள்மேல் விழுந்து, அவையும் வரிசையாக அறும். புதிய கேபிள் ஒன்றை வாங்கி, பழைய கேபிளை ஒட்டியே அதே வழியில் செலுத்தி, இரண்டு முனைகளையும் டேப் சுற்றிக் கட்டி வைத்துவிடுங்கள். பழையது அறுந்தால் முனைகளை மாற்றி மாட்டுவது 10 நிமிட வேலை. டேங்க்கைக் கழற்ற வேண்டியதில்லை.

பிரேக் பேடில் உராயும் பகுதி 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மாற்றுங்கள். பிரேக் ஆயில் இரண்டு வருடம் தாண்டியிருந்தால் அதையும் மாற்றுங்கள். டாட் 3, டாட் 4 வகை ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். நீண்ட இறக்கத்தில் அந்த ஈரம் கொதித்து ஆவியானால், லீவர் கைப்பிடிவரை வந்து ஒட்டும், வண்டி நிற்காது.

கேள்வி: செயினை எவ்வளவு இறுக்கமாக வைக்க வேண்டும்? மழையில் தினமும் எண்ணெய் போட வேண்டுமா?

பெரும்பாலான சாதாரண பைக்குகளுக்குக் கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரல் வைத்து மேலும் கீழும் ஆட்டினால் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். உங்கள் வண்டிக்கான சரியான அளவு மேனுவலிலோ, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் ஒட்டிய ஸ்டிக்கரிலோ இருக்கும். சக்கரத்தை மெதுவாகச் சுற்றி, செயின் எங்கே மிக இறுக்கமாக இருக்கிறதோ அங்கே அளக்க வேண்டும். சுமையோடு ஆளும் உட்காரும்போது பின்பக்கம் இறங்கி, பெரும்பாலான வண்டிகளில் செயின் இன்னும் இறுகும். அதனால் சந்தேகம் வந்தால் ஒரு பொட்டு தளர்வாகவே விடுங்கள். அளவுக்கு மேல் இறுகிய செயின் கியர்பாக்ஸ் பேரிங்கைத் தின்னும். சரிசெய்ததும் இரண்டு பக்க அட்ஜஸ்டர் கோடுகளும் ஒரே எண்ணில் நிற்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பின்சக்கரம் கோணலாக ஓடும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, உலர்ந்த சாலையில் 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை போதும். மழையிலோ ஓடையிலோ நனைந்த நாளில் அன்று மாலையே போடுங்கள். செயின் சூடாக இருக்கும்போது, உள்பக்கமாகப் படும்படி அடித்தால், இரவெல்லாம் ஊறிக் காலையில் தெறிக்காது. பின்சக்கரத்தைக் கையால் மட்டும் சுற்றுங்கள். கியரில் போட்டு இன்ஜினை ஓடவிட்டு எண்ணெய் போடும் பழக்கம் விரல்களைப் பறித்திருக்கிறது.

கேள்வி: என்னுடையது 110 சிசி ஸ்கூட்டர். தோழிகள் எல்லாரும் கியர் பைக். நான் சேர்ந்துகொள்ளலாமா?

தாராளமாக. ஆனால் ஸ்கூட்டரால் எது முடியாது என்பது உங்களுக்கு மட்டுமல்ல, தோழிகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். சக்கரம் 10 அல்லது 12 அங்குலம் என்பதால், பெரிய சக்கரம் உருண்டு தாண்டும் பள்ளத்தில் உங்கள் சக்கரம் உள்ளே இறங்கும். கரடுமுரடான பாதையில் அவர்கள் வேகத்தில் முக்கால் பங்கு வைத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைச் சுற்றவைக்கும் பெல்ட் இருக்கும் உறைக்குள் தண்ணீர் போனால் பெல்ட் வழுக்கும். இன்ஜின் சத்தம் ஏறும், வண்டி நகராது. அதனால் கால் வைக்கும் தளத்தைத் தொடும் ஆழத்தில் இறங்கவே வேண்டாம்.

இறக்கத்தில்தான் உங்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. கியர் வண்டிக்காரர்கள் ஏறிய கியரிலேயே இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் அந்தப் பிடிப்பு குறைவு. வேகம் மிகவும் குறைந்தால் கிளட்ச் விட்டுவிடும், அந்தக் கொஞ்சமும் இருக்காது. பிரேக்கைத் தொடர்ந்து தேய்க்காமல், வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்து, உடனே விட்டு ஆற விடுங்கள். கருகல் வாடை வந்தாலோ லீவர் மெத்தென்று ஆனாலோ, 15, 20 நிமிடம் நிறுத்திவிடுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றாதீர்கள், கோணிக்கொள்ளும். இன்ஜினை அணைத்துவிட்டு உருட்டி இறங்குவது எந்த வண்டியிலும் கூடாது.

கேள்வி: வழியில் ஓடை குறுக்கிட்டால் எந்த ஆழம்வரை இறங்கலாம்? நடுவில் இன்ஜின் நின்றுவிட்டால் என்ன செய்வது?

சாதாரண பைக்குக்குச் சக்கரத்தின் நடு அச்சுதான் எல்லை. அதுவும் ஓட்டமில்லாத, அடி தெரியும் தெளிந்த தண்ணீரில். ஓடும் தண்ணீரின் பலத்தைக் கண்ணால் பார்த்துக் கணிக்க முடியாது. வேகமாக ஓடும் 15 சென்டிமீட்டர் தண்ணீர் வளர்ந்த ஆளைத் தள்ளிவிடும். 30 சென்டிமீட்டர் சிறிய காரையே இழுத்துப் போகும். யாராவது ஒருவர் முதலில் நடந்து கடந்து பார்க்க வேண்டும். நடக்க முடியாத இடத்தில் ஓட்டவும் முடியாது. பழுப்பாக ஓடினால், ஆழம் எவ்வளவு என்று யார் சொன்னாலும் இறங்காதீர்கள். மழை நின்றபின் சின்ன ஓடைகள் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும், காத்திருங்கள்.

இறங்குவது என்று முடிவானால் முதல் கியர், சீரான ஆக்சிலரேட்டர், பார்வை எதிர்க்கரையில். நடுவில் கிளட்சைப் பிடிக்காதீர்கள், கியர் மாற்றாதீர்கள். சைலன்சரில் இருந்து புகை தொடர்ந்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தால் தண்ணீர் உள்ளே ஏறாது. ஒருவர் கரையேறிய பிறகே அடுத்தவர் இறங்க வேண்டும். பயமாக இருந்தால் தள்ளிக்கொண்டு போகலாம். அப்போது தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் நில்லுங்கள். மறுபக்கம் நின்றால், சாயும் வண்டி உங்கள்மேல் விழுந்து தண்ணீருக்குள் அழுத்திவிடும். உதவிக்கு வருபவருக்கும் இதே விதிதான்.

தரைப்பாலங்களில் வேறொரு ஆபத்து இருக்கிறது. மேலே இரண்டு அங்குலத் தண்ணீர்தான் ஓடும், ஆனால் கான்கிரீட்டில் பாசி படிந்திருக்கும். ஏறுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, நிமிர்ந்து, நேராக, பிரேக்கைத் தொடாமல் தாண்டுங்கள்.

தண்ணீருக்குள் இன்ஜின் நின்றாலோ வண்டி சாய்ந்தாலோ, செல்ஃப் பட்டனைத் தொடவே கூடாது. இதைக் குழுவில் எல்லோருக்கும் கிளம்பும் முன்பே சொல்லிவையுங்கள், ஏனென்றால் பதற்றத்தில் கை தானாக அங்கேதான் போகும். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டனால் அதை அமுக்க முடியாது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராடு வளைந்துவிடும், பயணம் அங்கேயே முடிந்தது. சாவியை அணைத்துக் கரைக்குத் தள்ளி வந்து, ஏர் ஃபில்டரைத் திறந்து பாருங்கள். காய்ந்திருந்தால் உள்ளே தண்ணீர் போகவில்லை. பிளக் கேப்பைத் துடைத்து உலர்த்தி ஸ்டார்ட் செய்து பார்க்கலாம். நனைந்திருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சாவி அணைந்தபடியே கிக்கரைப் பத்துப் பதினைந்து முறை மிதியுங்கள். கிக்கர் இல்லாத கியர் வண்டியை டாப் கியரில் போட்டுத் தள்ளினாலும் இன்ஜின் சுற்றும். பிளக் ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், முகத்தை அந்தப் பக்கம் வைக்காதீர்கள். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடிக்குழாயையும், கார்புரேட்டர் வண்டி என்றால் அதன் கிண்ணத்தையும் வடியுங்கள். சைலன்சரில் இறங்கியது வடிய, முன்சக்கரத்தைத் தூக்கிப் பிடியுங்கள்.

கடைசியாக இன்ஜினில் ஆயில் அளவைக் காட்டும் கண்ணாடியைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள். மாற்றிச் சிறிது தூரம் ஓடியபின் இன்னொரு முறை மாற்றினால்தான் மிச்சத் தண்ணீர் போகும். இதற்காகவே குழுவுக்கு ஒரு லிட்டர் ஆயில் கொண்டுபோங்கள்.

கடந்து முடிந்ததும் 100 மீட்டர் தூரம் இரண்டு பிரேக்கையும் லேசாகப் பிடித்தபடி ஓட்டி உலர்த்துங்கள். டிரம் பிரேக் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதற்கு இன்னும் கொஞ்ச தூரம் வேண்டும்.

கேள்வி: சேற்றில் பிடிப்பு கிடைக்க டயர் காற்றைக் குறைக்கச் சொல்கிறார்கள். சரியா?

மூன்று நான்கு பிஎஸ்ஐ குறைத்தால் பிடிப்பு கூடும் என்பது உண்மை. ஆனால் சுமையோடு போகும் வண்டியில், கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். திரும்பக் காற்றடிக்கக் கையில் பம்ப் இல்லாதவர்கள் குறைக்கவே கூடாது. பின்னால் ஆளோ மூட்டையோ இருந்தால், மேனுவலில் சுமைக்கென்று கொடுத்திருக்கும் அளவைக் காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது வையுங்கள்.

கேள்வி: டியூப்லெஸ் பஞ்சரை நாமே ஒட்டினால் இரண்டு கிலோமீட்டரில் மறுபடி காற்று இறங்குகிறது. எங்கே தவறு?

பெரும்பாலும் துளையைச் சரியாக ராவாததுதான். ஆணியைப் பிடுங்கும்போது அது எந்தக் கோணத்தில் இறங்கியிருக்கிறது என்று கவனியுங்கள். அதே கோணத்தில் ரம்ப ஊசியை உள்ளேவிட்டு ஐந்தாறு முறை முழு நீளத்துக்கு இழுங்கள். கோணம் மாறினால் டயருக்குள் இன்னொரு வழி திறந்துவிடும். துளையை அடைக்கும் ரப்பர் திரியைக் கண் ஊசியில் நடுவாகக் கோத்து, பசை தடவி, வெளியே ஒரு சென்டிமீட்டர் நிற்கும்வரை அழுத்திச் செருகி, முறுக்காமல் ஒரே இழுப்பில் ஊசியை மட்டும் உருவுங்கள். நீட்டிக்கொண்டிருப்பதை 3 மில்லிமீட்டர் விட்டு நறுக்குங்கள், ஒட்ட வெட்டினால் உள்ளே போய்விடும். காற்றடித்து, எச்சில் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். டயரின் பக்கச்சுவரில் ஓட்டை என்றால் திரி நிற்காது. அடுத்த ஊர் போய்ச் சேர மட்டும், மெதுவாக.

டியூப் டயர்காரர்களின் வழக்கமான தவறு, புது டியூபையே லீவரால் கடித்துவிடுவது. டியூபில் உருண்டையாகும் அளவுக்குக் கொஞ்சம் காற்று ஏற்றிவிட்டு உள்ளே வையுங்கள். டயர் விளிம்பை வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் தொடங்கி வால்வு அருகில் முடியுங்கள்.

கேள்வி: அருவியில் திடீர் வெள்ளம் வருவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க முடியுமா?

சில நிமிட அவகாசம் கிடைக்கும், கவனித்தால். மழை உங்கள் தலைக்கு மேல் பெய்ய வேண்டியதில்லை. மேலே பல கிலோமீட்டர் தள்ளிப் பெய்தாலும் இங்கே வந்துசேரும். போனதும் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் தண்ணீரின் நிறம் மாறும், தெளிவு போய்க் கலங்கும். காய்ந்த இலை, சுள்ளி, நுரை அடித்துக்கொண்டு வரும். அருவியின் சத்தம் கனக்கும். அடையாளக் கல் மூழ்கும். இவற்றில் ஒன்று தெரிந்தாலே துணி, செருப்பு, போன் எதையும் பொறுக்காமல், ஓடைக்கரை வழியாக ஓடாமல், பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஐந்து பேரில் ஒருவர் முறைவைத்துக் குளிக்காமல் கரையில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருப்பது எங்கள் உறுதியான பரிந்துரை. வண்டியையும் ஓடை மணலில் நிறுத்தாதீர்கள்.

அருவி விழும் குளத்தில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் மூழ்குகிறார்கள். விழும் நீரில் காற்றுக்குமிழிகள் கலந்து வெள்ளையாகத் தெரியும் இடத்தில் தண்ணீரின் அடர்த்தி குறைவு, அது உடலைத் தாங்காது. விழுந்த நீர் அடியில் போய்ச் சுழன்று மறுபடி அருவியை நோக்கியே இழுக்கும். வெள்ளை நீருக்குள் போகாதீர்கள், தலைகீழாகக் குதிக்காதீர்கள். அருவியின் தலைப்பகுதி இன்னும் மோசம். கணுக்கால் அளவுத் தண்ணீர்தானே என்று படம் எடுக்க விளிம்புக்குப் போவார்கள். அந்தப் பாறை வழவழவென்று பாசி பிடித்தது, பிடித்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. அங்கே போவதில்லை என்று குழுவாகவே முடிவெடுத்துவிடுங்கள்.

குளித்த ஈரத்தோடு பைக்கில் ஏறினால் காற்றில் விரல்கள் விறைத்து, பிரேக் பிடிக்கும் வேகம் குறையும். உலர்ந்த உடையும் இரண்டாவது ஜோடி கையுறையும் எடுத்துப் போவது அதற்குத்தான். சாவி தண்ணீரில் விழுவதும் அடிக்கடி நடப்பது. ஒவ்வொருவரின் மாற்றுச் சாவியும் இன்னொருவர் பையில் இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவன் பறக்கிறான், ஒருவன் பின்தங்குகிறான். ஒவ்வொரு பயணத்திலும் சண்டை.

மெதுவாக ஓட்டுபவரை இரண்டாவதாகப் போடுங்கள், முன்னால் போகிறவர் கண்ணாடியில் அவரைப் பார்த்தே ஓட்டட்டும். அவரைக் கடைசியில் விட்டால், எட்டிப்பிடிக்கும் அவசரத்தில் தன் திறமைக்கு மீறி ஓட்டுவார். விபத்து அங்கேதான் நடக்கும். நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கடைசியில், பஞ்சர் கிட்டோடும் முதலுதவிப் பெட்டியோடும் வரட்டும். பறக்கிற நண்பருக்கு இந்தப் பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள்.

பிரியும் ஒவ்வொரு சாலையிலும், பின்னால் வருபவர் உங்களைப் பார்க்கும்வரை நில்லுங்கள். எல்லோரும் இதை மட்டும் செய்தால் சிக்னல் இல்லாத காட்டிலும் யாரும் தொலைய மாட்டார்கள். முன்வண்டிக்கும் உங்களுக்கும் 2 விநாடி இடைவெளி, மழையில் 4 விநாடி. நேர்ச்சாலையில் இடம் வலமாக மாறி மாறிப் போகலாம், வளைவுகளில் ஒற்றை வரிசை. மணிக்கு ஒருமுறை நிறுத்துங்கள்.

கேள்வி: போனை ஹேண்டில்பாரில் மாட்டி வழி பார்க்கலாமா?

கேமரா நடுங்காமல் படம் எடுக்கும் வசதி கொண்ட போன்களை நேரடியாக மாட்ட வேண்டாம். பைக் இன்ஜினின் அதிர்வு அந்த நுண்ணிய அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்திருக்கிறது. அதிர்வு தாங்கி வைத்த ஹோல்டர் வாங்குங்கள், அல்லது பழைய போனில் ஆஃப்லைன் மேப் இறக்கி அதை மாட்டுங்கள். ஊர்ப் பெயர்களை வரிசையாக ஒரு தாளில் எழுதி பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வழி கேட்கும்போது மேப்பைவிட அது பயன்படும்.

கேள்வி: அட்டை கடித்தால் உப்புப் போடலாமா?

போட்டால் அது வயிற்றில் இருப்பதைக் காயத்துக்குள்ளேயே கக்கிவிடும். நகத்தைத் தோலோடு ஒட்டிவைத்து, அட்டையின் மெலிந்த முனையின் அடியில் பக்கவாட்டாகத் தள்ளுங்கள், பிடி விட்டுவிடும். ரத்தம் உறையாமலிருக்க அது ஒரு பொருளைச் செலுத்தியிருப்பதால் கசிவு சில மணி நேரம்கூட நீடிக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவி, துணி வைத்து அழுத்திக் கட்டுங்கள். பூட்ஸைப் போடும் முன் உள்ளே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.